இருபத்துமூன்றாம் எண்ணின் கூட்டாளி

இருபத்துமூன்று பேரை இரண்டிரண்டாகப் பிரித்தால் ஒருத்தி மிஞ்சுவாள் என்பது ஆளுமை வளர்ச்சி ஆலோசகருக்கு அன்று காலை பத்தரை மணிவரை தெரியாது. அவர் பதினொரு நிறுவனங்களில் ஆளுமையை வளர்த்துவிட்டு வந்தவர். ஆலை, வங்கி, மருத்துவமனை, இரண்டு கல்லூரிகள் என்று அவர் கைபட்டு வளராத ஆளுமையே இல்லை என்று அவரே சொல்லிக்கொண்டார். அங்கெல்லாம் ஆட்கள் இரட்டைப்படையில் இருந்திருக்க வேண்டும். அல்லது மிஞ்சியவர்கள் சத்தமில்லாமல் டீ குடிக்க நழுவியிருக்க வேண்டும்.

பெண்கள் கால்பந்துப் பயிற்சிப் பள்ளியின் சாப்பாட்டுக்கூடம்தான் அன்று சொற்பொழிவுக்கூடம். மேசைகளை ஓரங்கட்டி, பரிமாறும் ஜன்னலை மூடி, சுவரில் ஒரு வெள்ளைப் படுதாவைத் தொங்கவிட்டிருந்தார்கள். படுதாவில் ஒரு மலை தெரிந்தது. அது போய் இன்னொரு மலை வந்தது. மூன்றாவது மலை வந்தபோது பின்வரிசையில் அவருக்குச் ‘சிகரம்’ என்று பெயர் வைத்தாகிவிட்டது. தனியாக எவரும் எந்த உச்சியையும் தொட்டதில்லை, ஆகவே இனி ஒவ்வொருவருக்கும் ஒரு கூட்டாளி உண்டு என்றார் சிகரம். சனிக்கிழமைதோறும் மாலையில் இருவரும் எதிரெதிரே உட்கார வேண்டும். கூட்டாளியின் ஒரு பலம், ஒரு குறை, பத்துக்கு எத்தனை என்று ஒரு மதிப்பெண். எல்லாவற்றையும் மலைப்படம் போட்ட நீல நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சீசன் முடிய இருபத்திரண்டு வாரம், இருபத்திரண்டு பக்கம்.

கூட்டாளியைத் தேர்ந்தெடுங்கள் என்று அவர் கைதட்டியதும் கூடம் அரை நிமிடத்தில் கலைந்து சேர்ந்தது. முன்வரிசை ஆட்டக்காரிகள் தங்களுக்குள் கட்டிக்கொண்டார்கள். முதல் கோல்கீப்பர் அக்கா கேப்டனின் தோளில் கைபோட்டு நின்றாள். தூசி அடங்கியபோது கூடத்தின் நடுவில் ஒருத்தி மட்டும் நட்டுவைத்த கம்பம்போல நின்றுகொண்டிருந்தாள். இரண்டாவது கோல்கீப்பர். வயது பதினேழு. பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பள்ளியில் அவள் ‘ஏணி’. பன்னிரண்டு வயதில் தொடங்கிய உயரம் எங்கே நிற்பது என்று தெரியாமல் போய்க்கொண்டே இருந்ததால் வந்த பெயர்.

சிகரம் ஒருகணம் தடுமாறினார். ஆனால் பதினொரு நிறுவனங்கள் பார்த்தவர் சும்மாவா?

“பதறாதேம்மா. இந்தக் கூடத்திலேயே நீதான் அதிர்ஷ்டசாலி. சில சிகரத்தைத் தனியாத்தான் ஏறணும். உனக்கு நீயே பார்ட்னர்.”

தனியாக எவரும் எந்த உச்சியையும் தொட்டதில்லை என்று அவர் சொல்லிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். பயிற்சியாளர் வாசலில் நின்று போனில் பேருந்துக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் இது விழவில்லை.

ஏணிக்குத் தனக்குத்தானே கூட்டாளியாக இருப்பது ஒன்றும் புதிதல்ல. ஒரு அணியில் இரண்டாவது கோல்கீப்பர் என்பவள் வீட்டில் வாங்கிவைத்த தீயணைப்பான் மாதிரி. இருக்க வேண்டும், தேவைப்படக் கூடாது, இருப்பது யார் கண்ணையும் உறுத்தக் கூடாது. மற்றவர்கள் மைதானத்தில் பந்தைத் துரத்தும்போது பயிற்சியாளர் அவளைச் சாமான் அறையின் பின்சுவருக்கு அனுப்பிவிடுவார். அங்கே அவள் சுவரில் பந்தை அடிப்பாள், சுவர் திருப்பிக் கொடுக்கும், பிடிப்பாள். சுவர் ஒருநாளும் லீவு எடுத்ததில்லை. பள்ளிக்கு வந்த இரண்டு வருடத்தில் அவள் உண்மையான ஆட்டத்தில் கோலுக்குள் நின்றது மொத்தம் பதினோரு நிமிடம். அதில் நான்கு நிமிடம் பந்து மைதானத்தின் மறுமுனையில் இருந்தது.

முதல் சனிக்கிழமை கூடத்தில் நாற்காலிகளை எதிரெதிரே போட்டார்கள். ஏணியும் இரண்டு நாற்காலி போட்டுக்கொண்டு ஒன்றில் உட்கார்ந்தாள். விடுதி வார்டன் அம்மா வந்து, சும்மா கிடக்கிற நாற்காலியை எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார்.

“ஆள் இருக்கு வார்டன்மா,” என்றாள் ஏணி.

வார்டன் அம்மா நாற்காலியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இந்த வயதில் எல்லாம் சகஜம் என்பதுபோல நகர்ந்துவிட்டார்.

நோட்டின் முதல் பக்கத்தில் அவள் கிண்டலாகத்தான் ஆரம்பித்தாள். ‘பலம்: கூட்டாளி தொந்தரவு செய்யமாட்டாள். குறை: அதிகம் பேசமாட்டாள்.’ மதிப்பெண் கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. சுற்றிலும் சிரிப்பும் கிசுகிசுப்புமாக எண்கள் விழுந்துகொண்டிருந்தன. ஏணிக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. அம்மா ஏற்றுமதித் துணி ஆலையில் தரம் பார்ப்பவள். நாள் முழுக்க விளக்குக்கு அடியில் நின்று, சட்டையைப் புரட்டி, தையல் விட்ட இடத்திலும் கறை பட்ட இடத்திலும் சிவப்பு அம்பு போட்ட சின்ன ஸ்டிக்கரை ஒட்டுவது அவள் வேலை. ஒருநாளைக்கு எழுநூறு சட்டை. தைத்தவர்கள் வந்து சண்டைக்கு நிற்பார்கள். சட்டையைத் திட்டறேன்னு நெனச்சுக்கறாங்க, எங்கே சரிபண்ணணும்னு காட்டறேன், அவ்வளவுதானே என்று அம்மா வீட்டில் வந்து புலம்புவாள். ஏணி அந்தப் புலம்பலைக் கேட்டே வளர்ந்தவள்.

கிண்டலை அடித்துவிட்டு எழுதினாள். ‘இடப்பக்கம் பாயும் முன் இடது காலால் ஒரு சின்ன எட்டு எடுத்துவைக்கிறாள். அந்த எட்டுக்குள் பந்து போய்விடுகிறது. நான்கு.’

மூன்றாவது வாரத்துக்குள் கூடத்தில் ஒரு சந்தை விலை படிந்துவிட்டது. நீ எனக்கு ஒன்பது, நான் உனக்கு ஒன்பது. பத்து போட்டால் சந்தேகம் வரும். எட்டு போட்டால் சண்டை வரும். இடது ஓரத்தில் ஓடும் விங்கர், வாய் ஓயாமல் வெடிப்பதால் ‘பட்டாசு’ என்று பெயர் வாங்கியவள், ஒருமுறை நேர்மை தலைக்கேறித் தன் கூட்டாளிக்கு எட்டு போட்டாள். நான்கு நாள் அந்தக் கூட்டாளி அவளுக்குப் பந்தே கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் பட்டாசும் ஒன்பதுக்கு வந்துசேர்ந்தாள். குறை எழுதும் கட்டத்திலும் ஒரு கலை வளர்ந்தது. ‘அளவுக்கு மீறி உழைக்கிறாள்.’ ‘தன்னைப் பற்றி நினைப்பதே இல்லை.’ ‘மற்றவர்களுக்காக உருகுகிறாள்.’ ஒருத்தி, ‘குறை சொல்லத் தெரியாதவள், இதுவே இவள் குறை’ என்று எழுதி எல்லோருடைய பாராட்டையும் பெற்றாள்.

அந்த ஒன்பதுகளோடு அணி தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றது. மாதக் கடைசியில் சிகரம் வந்து படுதாவில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். அணியின் ஆளுமை சராசரி ஒன்பது புள்ளி ஒன்று. கோடு மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது. பயிற்சியாளர் அதை, பக்கத்து வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்க்கிறவர் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏணியின் பக்கங்கள் வேறு தினுசாக நிறைந்தன. ‘இடது காலின் சின்ன எட்டு பாதியாகக் குறைந்தது. நான்கு.’ ‘மழை பெய்த நாளில் கையுறையைத் துடைக்க மறந்தாள். மூன்று.’ ‘இந்த வாரம் எட்டு வைக்கவில்லை. ஆனால் அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் வலப்பக்கம் கோட்டைவிட்டாள். நான்கு.’ சனிக்கிழமைக்காக அவள் காத்திருக்க ஆரம்பித்தாள். வாரம் முழுவதும் அவள் செய்ததை ஒன்றுவிடாமல் பார்த்த ஆள், எதிர் நாற்காலியில் உட்கார வருகிற ஒரே ஆள், அந்தக் கூட்டாளிதான். அவளிடம் பொய் சொல்ல முடியாது; அவளும் பொய் சொல்ல மாட்டாள். மற்றபடி விடுதியில் ஆறு பேர் தூங்கும் அறையில் அவள் ஜன்னலோரக் கட்டில்காரி. காலையில் எழுந்தால் ஐந்து கட்டிலும் கூட்டாகச் சிரித்துக்கொண்டு குளிக்கப் போயிருக்கும்.

எட்டாவது வாரம் கூட்டாளி ஒரு பெரிய குறையைக் கண்டுபிடித்தாள். ‘உயரப் பந்துக்கு வெளியே வரும்போது குரல் கொடுப்பதில்லை. இரண்டு.’

கோல்கீப்பர் கோலைவிட்டு வெளியே வந்து பந்தைப் பிடிக்கப்போகும்போது ‘என்னோடது’ என்று கத்த வேண்டும். அப்போதுதான் சொந்த அணிக்காரிகள் விலகுவார்கள். இல்லாவிட்டால் மூன்று தலை மோதி ஒரு கோல் விழும். ஏணியும் சொல்லாமல் இல்லை. ஆனால் பேருந்தில் ஜன்னல் சீட்டு கேட்பவள்போல, அடுத்தவர் மனம் கோணாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த திங்கள்முதல் சாமான் அறைக்குப் பின்னால், சுவரைப் பார்த்து, வயிற்றிலிருந்து கத்திப் பழகினாள். மூன்றாம் நாள் வார்டன் அம்மா துடைப்பத்தோடு ஓடிவந்தார்.

“என்னடி தொலைஞ்சது? என்னோடது என்னோடதுன்னு இந்தக் கத்து கத்தறே. யாரு எடுத்தா?”

“யாரும் எடுக்கல வார்டன்மா. எடுக்கறதுக்கு முன்னாடி சொல்லிவைக்கிறேன்.”

அன்றைக்கு வார்டன் அம்மா தன் அலமாரிக்கு இரண்டாவது பூட்டு போட்டார்.

பதின்மூன்றாவது வாரம் முதல் கோல்கீப்பர் அக்காவுக்கு விரல் பிசகியது. பாதி ஆட்டம் முடிந்த நிலையில் பயிற்சியாளர் திரும்பிப் பார்த்து, ஏணி, போ என்றார். நாற்பத்தைந்து நிமிடம். ஒரு மூலைப் பந்துக்கு அவள் கத்திக்கொண்டே வெளியே வந்தாள். எதிரணிக்காரிகள் இருவர் பயந்து நின்றுவிட்டார்கள். சொந்த அணிக்காரி ஒருத்தியும் பயந்து நின்றுவிட்டாள். பந்து கையில். இருபது நிமிடம் கழித்து, பக்கத்துக் கோல் கம்பத்துக்கும் அவளுக்கும் நடுவே ஒரு ஆள் புகுகிற இடைவெளியை விட்டு நின்றிருந்தாள். அந்த இடைவெளி வழியாக ஒரு கோல் உருண்டு போனது. இரண்டுக்கு ஒன்று தோல்வி.

திரும்பி வரும் பேருந்தில் எல்லோரும் எல்லோரையும் தேற்றிக்கொண்டிருந்தார்கள். ஏணியின் பக்கத்து இருக்கையில் அவள் கையுறைப் பை உட்கார்ந்து வந்தது. பிடித்த பந்தைப் பற்றி யாரும் பேசவில்லை. விட்ட பந்தைப் பற்றியும் பேசவில்லை. அவரவருக்கு அவரவர் கூட்டாளி இருந்தார்கள். அடுத்தவர் கூட்டாளி விஷயத்தில் தலையிடுவது அநாகரிகம் என்று ஆகியிருந்தது. ஒரு வார்த்தை திட்டியாவது இருக்கலாம் என்று அவள் ஜன்னல் கண்ணாடியில் தலைசாய்த்து நினைத்துக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை கூடம் முழுக்க ஒன்பது விழுந்தது. அவள் எழுதினாள்: ‘குரல் வந்துவிட்டது. பக்கத்துக் கம்பத்தைக் காவல் இல்லாமல் விட்டாள். ஐந்து.’

இருபதாவது வாரம் அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டது. பள்ளியின் தலைவர் கையெழுத்து. அடுத்த ஆண்டுக்கு யாரை வைத்துக்கொள்வது என்பது இனிப் பழைய மாதிரி ஆள் பார்த்து, முகம் பார்த்து முடிவு செய்யப்படாது. முழுக்க முழுக்க அறிவியல் முறைப்படி, கூட்டாளி மதிப்பெண்ணின் சராசரியை வைத்தே முடிவு செய்யப்படும். ஏழுக்குக் கீழே வருபவருக்கு இடமில்லை. கூட்டமாக நின்று படித்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு கலைந்தார்கள். ஏணி கடைசியாக, தலைகளுக்கு மேலாகவே படித்துவிட்டு, இன்னொருமுறை படித்தாள்.

அடுத்த ஆண்டு என்பது அவளுக்குச் சும்மா இன்னொரு ஆண்டு இல்லை. முதல் கோல்கீப்பர் அக்காவுக்கு வயது வரம்பு தாண்டுகிறது. இரண்டு வருடம் சுவரோடு ஆடியவளுக்கு அந்தக் கோல் முதன்முதலாகச் சொந்தமாகப்போகிறது. இடம் போனால், வீடு. அம்மா ஆலையில் நூல் வெட்டும் பிரிவில் ஒரு ஸ்டூல் காலியாகப்போகிறது என்று போன ஞாயிறுதான் போனில் சொன்னாள். ஆசையாகச் சொல்லவில்லை, இருக்கட்டும் என்று சொல்லிவைத்தாள். அடுத்த ஞாயிறு ஏணி அறிவிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், தூங்கறியா, தூங்கறேன் என்று பத்து நிமிடப் போன் முடிந்தது.

அந்த வாரம் அவளும் ஒன்பது போட்டுப் பார்த்தாள். ‘பலம்: தலைமைப் பண்பு. குறை: அளவுக்கு மீறி உழைக்கிறாள்.’ எழுதி முடித்து எதிர் நாற்காலியைப் பார்த்தாள். அது வெறும் நாற்காலியாக இருந்தது. இருபது வாரத்தில் முதல்முறையாக அங்கே யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கூடத்தின் இரைச்சலைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்பதை அடித்து, பக்கத்தில் ஐந்து என்று எழுதி, பந்தை வீசும்போது முழங்கை மடங்குகிறது என்று சேர்த்துக்கொண்டாள்.

சீசன் முடிந்து நான்காம் நாள் மாலை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர். அவர் வாழ்க்கையில் ஒரு பந்தையும் உதைத்தவரில்லை. ஆனால் எத்தனையோ ஆட்டங்களைத் தொடங்கிவைத்தவர். தண்ணீர் கேட்பதாக இருந்தாலும் தொடங்கிவைக்கும் குரலில்தான் கேட்பார். ஒரு பக்கம் சிகரம். மறுபக்கம் பயிற்சியாளர், நாற்காலியின் நுனியில். மேசையில் கணினியில் எடுத்த பட்டியலும் ஒரு நீல நோட்டும் இருந்தன.

சராசரி நான்கு புள்ளி இரண்டு. பள்ளி வரலாற்றிலேயே, ஏன், பதினொரு நிறுவனங்களின் வரலாற்றிலேயே இப்படி ஒன்றைத் தான் பார்த்ததில்லை என்றார் சிகரம். ஆனால் அவருடைய வருத்தம் ஏணிமேல் இல்லை.

“உன் பார்ட்னர் மேலதாம்மா எனக்குக் கோபம் வருது. இருபத்திரண்டு வாரம். மனசார ஒரு நல்ல வார்த்தை உண்டா? கால் எடுத்து வெச்சா குறை, கை மடக்கினா குறை. இது மதிப்பீடு இல்லம்மா, வஞ்சம். இந்த மாதிரி ஒருத்தி இருந்தா டீமே விஷமாயிடும்.”

“அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க,” என்றார் தலைவர். “ரெண்டு பேரையும் நேருக்கு நேர் உட்கார வெச்சுப் பேசுவோம்.”

“ரெண்டு பேரும் வந்தாச்சு சார்,” என்றாள் ஏணி.

சிகரம் பட்டியலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மதிப்பிடப்பட்டவர் எண் இருபத்துமூன்று. கூட்டாளி எண் இருபத்துமூன்று. தட்டச்சுப் பிழை என்று தன் உதவியாளர் இதை இரண்டுமுறை சொன்னதாகவும், தானும் அப்படியே நினைத்ததாகவும் முணுமுணுத்தார். பிறகு மெல்ல ஞாபகம் வந்திருக்க வேண்டும். காது மடல் சிவந்தது.

ஆனால் விதிமுறை எழுதியவருக்கு விதிமுறையில் ஒரு சந்து கிடைக்காமலா போகும்? கிடைத்ததும் சிகரத்தின் முகம் மலர்ந்தது. மதிப்பிட்டவரும் மதிப்பிடப்பட்டவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் எந்த மதிப்பெண்ணையும் திருத்தலாம் என்று ஏழாவது விதி சொல்கிறது. மற்றவர்களுக்கு அது பெரிய பஞ்சாயத்து. இவளுக்கு ஒரு பேனா போதும். எட்டுக்கு மேல் போனால் நல்லது, ஏழுக்கு மேல் போனால் போதும் என்று சொல்லி நோட்டையும் பேனாவையும் கொடுத்து அவளைப் பக்கத்து அறைக்கு அனுப்பினார்கள். பயிற்சியாளர் நிம்மதியாகப் பின்னால் சாய்ந்தார். அடுத்த ஆண்டுக்கு அவரிடம் வேறு கோல்கீப்பர் கிடையாது. அந்த விஷயம் பட்டியலில் எந்தக் கட்டத்திலும் வராததால் அதைச் சொல்ல அவருக்கு இதுவரை இடம் கிடைக்கவில்லை.

அது கோப்பைகள் வைக்கும் அறை. கோப்பைகள் இரண்டு, மீதி அலமாரியில் காலித் தண்ணீர்க் கேன்கள். ஏணி ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து படித்தாள். பேனா கையில் தயாராக இருந்தது. தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் கொள்கை எதுவும் அவளிடம் இல்லை. அவளுக்குக் கோல் வேண்டும். அவ்வளவுதான். நான்கை ஏழாக்கினால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் ஒவ்வொரு நான்குக்கும் பக்கத்தில் அது ஏன் நான்கு என்று எழுதியிருந்தது. அந்தச் சின்ன எட்டு, துடைக்காத கையுறை, வெளியே வராத குரல். அதைப் பார்த்துக்கொண்டே ஏழு என்று எழுத, எதிரே நிற்கிறவளைப் பார்த்து நீ யாரென்றே எனக்குத் தெரியாது என்று சொல்வது போலிருந்தது. இந்த இரண்டு வருடத்தில் அவளைப் பற்றி யாராவது எழுதியது இது ஒன்றுதான்.

நிதானமாக, ஆட்டத்தை மறுபடி பார்ப்பதுபோல, பார்த்தாள். பதின்மூன்றாவது வாரம், அந்த மூலைப் பந்து உண்மையிலேயே கஷ்டமானது; ஐந்தை ஆறாக்கினாள். பதினேழாவது வாரம் ஒரு நான்கு, ஐந்தாகத் தகுதி உள்ளது. பத்தாவது வாரம் தன்மேல் இரக்கப்பட்டு ஒரு மதிப்பெண் கூடப் போட்டிருந்தாள். அதைக் குறைத்தாள். மூன்று இடத்திலும் இரண்டிரண்டு கையெழுத்து. முக்கால் மணி நேரம் கழித்து வந்து நோட்டை மேசையில் வைத்தாள்.

சிகரம் கூட்டினார். மறுபடியும் கூட்டினார்.

“நாலு புள்ளி ரெண்டு,” என்றார். “என்னம்மா பண்ணே உள்ளே?”

“சரியாப் பார்த்தா அவ்வளவுதான் சார் வருது.”

விதி விதிதான் என்று தலைவர் தொடங்கிவைக்கும் குரலில் முடித்துவைக்கப் பார்த்தார். அதற்குள் பயிற்சியாளர் நோட்டை இழுத்துப் புரட்ட ஆரம்பித்திருந்தார். வேடிக்கைக்குத்தான் எடுத்தார். இரண்டு பக்கம் கழிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஐந்து பக்கம் கழிந்ததும் நாற்காலியை மேசைக்கு நெருக்கிக்கொண்டார். தலைவர் இருமிக் காட்டியும் அவர் நிமிரவில்லை.

“கோச், நீங்களே சொல்லுங்க. உங்க அனுபவத்துல இந்தப் பொண்ணுக்கு எத்தனை போடுவீங்க?” என்று தலைவர் கேட்டார்.

பயிற்சியாளர் நோட்டை மூடி, அதன் அட்டையில் இருந்த மலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“எனக்குத் தெரியாது சார்.”

“தெரியாதுன்னா?”

“நான் பார்த்ததே இல்ல சார். ரெண்டு வருஷமா சுவத்துப் பக்கம் அனுப்பிட்டு நான் மத்தவங்களைப் பார்த்துட்டு இருந்துட்டேன். இதுல எழுதியிருக்கிறது எதுவும் எனக்குத் தெரியாது. இது நான் எழுதியிருக்க வேண்டிய நோட்டு.”

அந்த அறையில் அன்று சொல்லப்பட்டவற்றில் பட்டியலோ விதியோ இல்லாமல் சொல்லப்பட்டது அது ஒன்றுதான். வாங்க, இப்பவே பார்த்துடுவோம் என்று பயிற்சியாளர் எழுந்து நடந்தார். தலைவர் பளபளக்கும் ஷூவோடும், சிகரம் பட்டியலோடும் பின்னால் போனார்கள்.

வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மைதான வேலியில் பட்டாசு காலுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் அவளை அழைத்து, இடது ஓரத்திலிருந்து இருபது உயரப் பந்து அடிக்கச் சொன்னார். எதுக்கு, ஏன் என்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் பட்டாசு பூட்ஸை மாட்டினாள். ஏணி கோலுக்குள் போய் நின்றாள். சுவர் இல்லாத திசையிலிருந்து பந்து வருவது முதல் இரண்டுமுறை அவளுக்கு விநோதமாக இருந்தது, இரண்டையும் தவறவிட்டாள். மூன்றாவதுக்கு ‘என்னோடது’ என்று கத்திக்கொண்டு வந்தபோது தலைவர் தன்னையறியாமல் இரண்டடி பின்வாங்கிச் சேற்றில் கால் வைத்தார். இருபதில் பதின்மூன்று பிடித்தாள். மூன்றைக் குத்தி விலக்கினாள். நான்கு போனது.

பயிற்சியாளர் அருகே வந்தார்.

“அஞ்சு,” என்றார்.

ஏணி தலையாட்டினாள். அவளும் ஐந்துதான் போட்டிருப்பாள். தன் கூட்டாளியைத் தவிர வேறொருவர் வாயிலிருந்து அதே எண் வந்தது இதுதான் முதல்முறை. கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஐந்து என்பது ஏழைவிடக் குறைவு என்பதைச் சிகரம் நினைவூட்டினார். அந்த ஒன்பதுகளை எல்லாம் வரிசையாக இங்கே கொண்டுவந்து நிறுத்திப் பார்த்தால் எத்தனை பேர் ஐந்தைத் தாண்டுவார்கள் என்று தனக்குத் தெரியும் என்றார் பயிற்சியாளர். இவள் இருக்கட்டும், இவள் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு கோலுக்குள் அந்தப் பட்டியலைத்தான் நிறுத்த வேண்டிவரும். தலைவர் தன் ஷூவைப் பார்த்தார். டீ நேரமும் தாண்டிக்கொண்டிருந்தது. சிறப்பு விதிவிலக்காக, தன் அதிகாரத்தின்படி, இருபத்துமூன்றாம் எண் தொடர அனுமதிப்பதாகக் காலி மைதானத்துக்கு அறிவித்தார். சிகரம் அதற்குள் சமாதானமாகிவிட்டார். தனக்குத்தானே கூட்டாளி என்பதை ஒரு புதிய முறையாகப் பன்னிரண்டாவது நிறுவனத்தில் அறிமுகப்படுத்தலாம், அதற்கு ஒற்றை ஆள் நிற்கும் மலைப்படம் ஒன்று தேடவேண்டும் என்று தலைவரிடம் சொல்லிக்கொண்டே நடந்தார். பயிற்சியாளர் அவர்களுக்குப் பின்னால் நீல நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு போனார்.

பட்டாசு பந்தைக் காலால் உருட்டியபடி கோலுக்கு வந்தாள். அவளும் ஏணியும் ஒரே அறையில் இரண்டு வருடம் தூங்கியவர்கள். ஜன்னலைச் சாத்து, லைட்டை அணை என்பதற்குமேல் பேசியதில்லை.

“ஏன்டி, நீ எப்பவுமே கூனிக்கிட்டேதான் நிப்பியா?”

“கூனியா?”

“தோளை முன்னாடி தள்ளி, தலையைக் குனிஞ்சு. யாரோ அடிக்க வர்ற மாதிரி. இவ்வளவு உயரத்தை வெச்சுக்கிட்டு ஒளிச்சு ஒளிச்சு நிக்கறே. நிமிர்ந்து நின்னா நான் எங்கே அடிக்கறதுன்னே எனக்குத் தெரியாது. போன நாலும் அதனாலதான் போச்சு.”

ஏணி தோளைத் தொட்டுப் பார்த்தாள். இருபத்திரண்டு பக்கத்தில் எங்கேயும் அது இல்லை. கூட்டாளிக்கு அது தெரிய வழியே இல்லை.

“இது உனக்கு எப்பத்திலிருந்து தெரியும்?”

“நீ வந்த முதல் நாள்லேருந்து. எல்லாருக்கும் தெரியும்.”

“ஒருத்தி கூடச் சொல்லலயேடி.”

“நீ என் பார்ட்னர் இல்லையே,” என்றாள் பட்டாசு, வெகு இயல்பாக.

ஏணிக்கு அழுவதா சிரிப்பதா என்று புரியவில்லை. கையுறைகளைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். முதுகை மெல்ல நிமிர்த்திப் பார்த்தாள். வலித்தது. மைதானம் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தது. வேலியில் கிடந்த காலுறைகளைப் பார்த்துக்கொண்டே, யாரிடமோ வழி கேட்பவள்போலத் தயங்கிக் கேட்டாள்.

“வேற?”

பட்டாசு பந்தின்மேல் உட்கார்ந்தாள்.

“நெறைய இருக்குடி,” என்றாள். “முதல்ல நீ உட்காரு.”